மொச்சை வேகும் நேரம்

டிசம்பர் 20, வெள்ளி

குக்கர் கேஸ்கட் கிழிந்துவிட்டது. கடைக்காரர் காட்டிய மூன்று அளவும் சேரவில்லை. எந்தக் கம்பெனி குக்கர் என்று கேட்டார். தெரியவில்லை. முப்பது வருடமாக அதில் வெந்ததைத் தின்றவன் நான். வெட்கமாக இருந்தது, கோபமும் வந்தது. கோபத்தைக் கடைக்காரரிடம் காட்டிவிட்டு வந்தேன்.

இனி மெஸ்ஸுக்குப் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அந்தச் சாம்பாரைத் தினமும் தின்றால் மனுஷனுக்கு வாழ்க்கையே வெறுத்துப் போகும். சோறு வடிக்க வருகிறது. ரசம் ஒரு மாதிரி வருகிறது. நாளை குழம்பு வைக்கப் போகிறேன். மொச்சைக் குழம்பு. எங்கள் ஊர்ப் பக்கம் மார்கழி, தை வந்தால் வீட்டுக்கு வீடு மொச்சை வாசனைதான் அடிக்கும். இந்த வீட்டில் மட்டும் அடிப்பதில்லை. அம்சவேணி ஏனோ மொச்சை வாங்குவதே இல்லை.

அம்சவேணி பெங்களூரில் மகள் ஹேமா வீட்டில் இருக்கிறாள். பேத்தியைப் பார்த்துக்கொள்ள. காதுகுத்து முடிந்த மறுநாள் போனவள், இன்றோடு நூற்றொன்பது நாள்.

டிசம்பர் 21, சனி

சந்தை. ஓரமாகச் சாக்கு விரித்துப் பயறு விற்கும் அம்மாளிடம் காய்ந்த மொச்சை ஒரு படி வாங்கினேன்.

10.40 சட்டி அடுப்பில். 11.30 வேகவில்லை. 12.00 வேகவில்லை. 12.30 சாப்பாட்டு நேரம். வேகவில்லை. ஜோலார்பேட்டையில் முப்பத்து நான்கு வருடம் கூட்ஸ் ரயில் கார்டாக இருந்தவன் நான். வண்டி எங்கே எத்தனை நிமிடம் நின்றது, ஏன் நின்றது என்று எழுதி எழுதியே தலை நரைத்தது. ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியும் பழக்கம் போகவில்லை. டியூட்டி முடிந்து எத்தனை மணிக்கு வந்தாலும் வீட்டில் இருக்கும் நாளில் 12.30-க்கு இலை விழ வேண்டும். அது என் சட்டம்.

12.35-க்குத் தயிர்சோறு.

பெங்களூருக்குப் போன் செய்தேன். ஹேமா எடுத்தாள்.

"அம்மா எங்க?"

"குளிக்கிறாங்கப்பா."

இந்த வாரத்தில் மூன்றாவது முறையாக நான் போன் செய்யும்போது அவள் குளித்துக்கொண்டிருக்கிறாள். பெங்களூர்க் குளிரில் இத்தனை முறை குளித்தால் உடம்புக்கு ஆகாது என்று சொல்லச் சொன்னேன். மொச்சை வேகாததையும் சொன்னேன்.

"மொச்சையை ராத்திரியே ஊறப் போடணும்பா" என்றாள் ஹேமா. பிறகு, "மொச்சையா? நீங்களா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

டிசம்பர் 24, செவ்வாய்

துணி துவைத்தேன். ஒரு பனியன் நீலமாகிவிட்டது.

மொச்சை என்றதும் ஒரு பழைய சிரிப்பு நினைவுக்கு வந்தது. எழுதி வைக்கிறேன். இருபத்தாறு வருடம் முன்பு, இந்த வீடு கட்டி வந்த முதல் பொங்கல். காணும் பொங்கலன்று குடியாத்தத்திலிருந்து என் அக்கா தனபாக்கியம், அவள் வீட்டுக்காரர் முனிரத்தினம் மாமா, அவர் தம்பிமார் என்று எட்டுப் பேர் விருந்துக்கு வந்திருந்தார்கள். 12.30-க்கு இலை போட்டாயிற்று. அம்சவேணி மொச்சைக் குழம்பு ஊற்றினாள். ஒரு மொச்சையைக் கடித்தேன். கல். நான் என்ன செய்தேன், அதை எடுத்து எவர்சில்வர் டம்ளரில் சுண்டினேன். டிங்! "அம்சா, கோயில் மணிக்கு வெண்கலம் வேணாம், உன் மொச்சையே போதும்" என்றேன். மாமாவுக்குப் புரையேறிவிட்டது. அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். விளையாட்டுக்குத்தான்.

அன்றிலிருந்து எங்கள் பக்கத்தில் அவளுக்கு 'டிங் அம்சா' என்று பேர். எந்தக் கல்யாணம், எந்தச் சீமந்தம் என்றாலும் பந்தியில் யாராவது டம்ளரைச் சுண்டுவார்கள். அவளும் சிரிப்பாள். போன ஆவணியில் பேத்தி காதுகுத்தில் சம்பந்தி வீட்டார் எதிரே நானே ஒருமுறை சுண்டிக் கதையைச் சொன்னேன். சம்பந்தியம்மாள் ரொம்ப ரசித்தார்.

மறுநாள் காலை அம்சவேணி ஹேமாவோடு பெங்களூர் கிளம்பிப் போனாள்.

டிசம்பர் 26, வியாழன்

முந்தின நாள் மாலையே ஊறப் போட்டுவிட்டேன். காலையில் மொச்சை குண்டு குண்டாக உப்பியிருந்தது. பார்க்கவே திருப்தியாக இருந்தது.

10.30 சட்டியில் மொச்சை, கத்தரிக்காய், வெங்காயம், தக்காளி, மிளகாய்த் தூள், உப்பு, கரைத்த புளி எல்லாம் ஒன்றாய்ப் போட்டேன். எதற்குத் தனித்தனியாகப் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டும்? 12.30-க்குப் பார்த்தால் கத்தரிக்காய் கரைந்தே போயிருக்கிறது. மொச்சை மட்டும் முறைத்துக்கொண்டு கிடக்கிறது. மேலும் ஒரு மணி நேரம் எரித்தேன். பல்லில் வைத்தால் கடக்கு முடக்கு என்கிறது.

அந்தச் சந்தைக்காரி பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டாள். சனிக்கிழமை வரட்டும்.

ஹேமா சாயங்காலம் பேசினாள். பேத்தியை நவம்பரிலிருந்தே விளையாட்டுப் பள்ளியில் சேர்த்திருக்கிறார்களாம், மூன்று மணி வரைக்கும். அவள் மாமியாரும் வந்து தங்கியிருக்கிறாராம். அப்படியானால் அங்கே அம்சவேணிக்கு என்ன வேலை என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

டிசம்பர் 28, சனி

சந்தைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். "இன்னாம்மா, மொச்சைன்னு கூழாங்கல்லை வித்துட்ட?"

அந்த அம்மாள் அசையவில்லை. படியைத் தட்டிக்கொண்டே கேட்டாள். "ஊறப் போட்டியா?"

"ராத்திரி முழுக்க."

"புளி எப்ப ஊத்துன?"

"எல்லாம் ஒண்ணாத்தான்."

"அட இன்னா சார் நீ!" பக்கத்தில் கீரை விற்றவளைப் பார்த்துச் சிரித்தாள். "மொச்சை வேகறதுக்கு முன்ன புளி பட்டுதுன்னா அது அப்படியே நின்னுரும். பொழுதுக்கும் எரிச்சாலும் வேகாது. வெந்து, கையில நசுக்கிப் பார்த்து, அப்பறந்தான் புளி. வூட்ல கேட்டா சொல்ல மாட்டாங்களா?"

மேலும் அரைப்படி வாங்கிக்கொண்டு வந்தேன். வேறு விசேஷம் இல்லை.

டிசம்பர் 29, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 30, திங்கள்

அந்த அம்மாள் சொன்னதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. சோதித்துப் பார்த்தேன். ஒரே மொச்சை, ஒரே நேரம் ஊறியது, இரண்டு சட்டி, இரண்டு அடுப்பு.

9.15 இரண்டும் அடுப்பில். 9.35 இடது சட்டியில் புளிக்கரைசல் ஊற்றினேன். வலது சட்டியில் வெறும் தண்ணீர்.

10.20 வலது: நசுக்கினால் மாவாகிறது. இடது: கல்.

11.20 வலதை எப்போதோ இறக்கியாயிற்று. இடது: கல்.

12.30 இடது: கல்.

இடது சட்டியிலிருந்து ஒன்றை எடுத்து டம்ளரில் சுண்டிப் பார்த்தேன். டிங் என்றது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜனவரி 1, புதன்

புது வருடம். கோயிலுக்குப் போகவில்லை.

பொய் எழுதுவதற்கு நாட்குறிப்பு தேவையில்லை. அதனால் எழுதிவிடுகிறேன். 24-ஆம் தேதி எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். மறைக்க வேண்டும் என்று விடவில்லை. அது ஒரு விஷயமாகவே எனக்குத் தோன்றியதில்லை.

அந்தக் காணும் பொங்கலன்று 11.50-க்கு நான் சமையலறைக்குள் போனேன். அம்சவேணி இல்லை. பின்பக்கம் வாழையிலை அறுத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் மொச்சை கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் கிண்ணத்தில் புளி கரைத்து வைத்திருந்தாள். கூடத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், இவள் பாட்டுக்கு நிதானமாக இருக்கிறாளே என்று எரிச்சல். 12.30-க்கு வண்டி எடுக்க வேண்டும், சிக்னல் விழவில்லை என்றால் எப்படி இருக்கும், அப்படி. கிண்ணத்தை எடுத்துச் சட்டியில் கவிழ்த்தேன். ஒரு வேலை முடிந்தது என்று கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் வந்து, "இன்னும் ஒரு மணி நேரம் கழிச்சு இலை போடலாமாங்க? மொச்சை வேகல" என்று கேட்டாள். முடியாது என்றேன்.

இருபத்தாறு வருடம். எத்தனை பந்தி, எத்தனை டம்ளர்.

ஜனவரி 2, வியாழன்

ஹேமாவிடம் சொன்னேன். "அம்மா குளிக்கட்டும், தூங்கட்டும், எதுவேணா பண்ணட்டும். மொச்சையில புளி எப்ப ஊத்தணும்னு அப்பா கேக்கறாருன்னு மட்டும் போய்ச் சொல்லு."

அரை நிமிடத்தில் அம்சவேணி வந்தாள்.

"எதுக்குக் கேக்கறீங்க?"

நான்கு மாதம் கழித்துக் கேட்கும் குரல். நேராகச் சொல்லிவிட்டேன். "அன்னிக்குப் புளியை ஊத்தினது நான்தான், அம்சா."

"தெரியும். வந்து பார்த்தேன், கிண்ணம் காலி. வேட்டியில கையைத் தொடச்சிக்கினு நின்னீங்க."

"புளி ஊத்தினா வேகாதுன்னு எனக்குத் தெரியாது."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"நிஜமாவா?" என்றாள்.

"போன சனிக்கிழமை சந்தையில ஒரு அம்மா சொல்லித்தான் தெரியும்."

"எல்லாந் தெரிஞ்சே என்னை மாட்டி விட்டுட்டுச் சிரிக்கறீங்கன்னுதான் இத்தினி வருசமும் நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள். "அன்னிக்கு ராத்திரிக்குள்ள சொல்லுவீங்கன்னு பார்த்தேன். அண்ணி ஊருக்குப் போறதுக்குள்ளனாச்சும் சொல்லுவீங்கன்னு பார்த்தேன். அப்பறம் பார்க்கறதை வுட்டுட்டேன்."

"நீ ஏன் சொல்லல?"

"அத்தினி பேருக்கு எதிர்ல புருசன் செஞ்சதுன்னு கை காட்டச் சொல்றீங்களா?"

"தெரியாம செஞ்சுட்டேன், அம்சா."

"புளி ஊத்தினது தெரியாம. சரி. டம்ளர்ல சுண்டினது? அதுவும் தெரியாமத்தானா? காதுகுத்துல?"

முப்பத்து நான்கு வருடத்தில் எத்தனை மெமோவுக்கு விளக்கம் எழுதியிருக்கிறேன். இதற்கு ஒரு வரிகூட இல்லை.

"திரும்பி வா" என்றேன்.

"என்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? எனக்குத்தான் தெரியுமே. அன்னிக்குச் சிரிச்சவங்ககிட்ட சொல்லுங்க. அப்பறம் பேசலாம்." வைத்துவிட்டாள்.

ஜனவரி 5, ஞாயிறு

அக்கா வீட்டில் போய், பந்தியில் உட்கார்ந்து, இதைச் சொல்வதா? அறுபத்து மூன்று வயதில்? மாமா இருக்கிறார், அவர் தம்பிகள் இருக்கிறார்கள். இனி 'புளி ஏகாம்பரம்' என்று எனக்குப் பேர் வைப்பார்கள். சாகும்வரை போகாது.

அவள் கேட்பது அதிகம்.

ஜனவரி 6, திங்கள்

அதிகம் இல்லை.

ஜனவரி 10, வெள்ளி

வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வரவில்லை. நானே சமையலறைக்கு மட்டும் அடித்தேன். அடுப்புக்கு மேலே சுவரில் ஓர் ஆணி. அதில் பழைய மஞ்சள் பை ஒன்று. உள்ளே ரப்பர் வளையம், புது கேஸ்கட். எடுத்துக் குக்கரில் போட்டேன், கச்சிதமாகச் சேர்ந்தது. போவதற்கு முன்பே வாங்கி வைத்திருக்கிறாள். நான் பார்த்தால்தானே.

கழற்றி மறுபடி பையிலேயே வைத்துவிட்டேன். மொச்சைக்குச் சட்டியே போதும்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ஒருவனுக்குப் பொங்கல் வைத்தேன். பொங்கி வரும்போது "பொங்கலோ பொங்கல்" சொல்ல ஆளில்லை. நானே மெதுவாகச் சொன்னேன்.

ஜனவரி 16, வியாழன், காணும் பொங்கல்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

வருடா வருடம் அக்காவுக்குப் பொங்கல் வரிசை கொண்டுபோவது வழக்கம். எப்போதும் அம்சவேணிதான் தாம்பாளத்தில் அடுக்குவாள். இந்த முறை நானே கரும்பு, மஞ்சள், புடவை, பழம் எல்லாம் வைத்து எடுத்துப் போனேன். வெற்றிலை மறந்துவிட்டது. குடியாத்தத்தில் இறங்கி வாங்கினேன்.

பதினொரு பேர் பந்தி. எனக்கு இடப்பக்கம் முனிரத்தினம் மாமா. எண்பதாகிவிட்டது, குறும்பு மட்டும் போகவில்லை. அக்கா எதையோ ஊற்ற வந்தபோது எதிர்பார்த்தது நடந்தது. மாமா நடுவிரலை மடக்கி என் டம்ளரைச் சுண்டினார். டிங்!

"இன்னாடா ஏகாம்பரம், டிங் அம்சா இந்த வருசம் வரலயா?"

எல்லாரும் சிரித்தார்கள். என் வாயும் பழக்கதோஷத்தில் சிரிக்கப் போனது. அதை நினைத்தால் இப்போதும் என்னை எனக்கே பிடிக்கவில்லை.

"மாமா, அந்தப் பேரை இன்னையோட வுட்டுடுங்க" என்றேன். "அன்னிக்கு அவ சமைச்சது சரியாத்தான் இருந்துது. வேகறதுக்கு முன்னாடி புளியை எடுத்து ஊத்தினது நான். அதனாலதான் மொச்சை வேகல. அவ ஒரு மணி நேரம் கேட்டா. நான் குடுக்கல."

மாமாவின் தம்பி ஒருவர் விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"சரி வுடுடா" என்றாள் அக்கா. "எந்தக் காலத்துக் கதை. இப்ப எதுக்கு அது?"

"அவளுக்கு அது எந்தக் காலத்துக் கதையும் இல்லக்கா. போன ஆவணி வரைக்கும் நடந்துது. நானே நடத்தினேன். அவ பேத்தியைப் பாத்துக்கறதுக்குப் போவல. என்னைப் பாத்துக்கினு இருக்க முடியாமப் போயிட்டா."

சொல்லி முடித்தபோதுதான் தெரிந்தது, அதை நான் இந்தக் குறிப்பிலேகூட எழுதியிருக்கவில்லை என்று. கண்ணில் நீர் வந்துவிட்டது. மாமா தன் டம்ளரை எடுத்து இலைக்கு அந்தப் பக்கம் தள்ளி வைத்தார்.

அக்கா கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "அந்தப் பேரை வெச்சவளே நான்தான்டா" என்றாள். "எட்டுப் பேரு. பொங்கல் அன்னிக்கு. எல்லாம் தனியா சமைச்சா. நான் கூடத்துல உக்காந்துக்கினு இருந்தேன். எந்திரிச்சுப் போய் ஒரு கை குடுத்தனா?"

யார் வீட்டிலும் அப்படி ஓசையில்லாமல் பந்தி முடிந்ததில்லை. இலையில் பரிமாறிய எல்லாவற்றையும் நான் சாப்பிட்டேன்.

ஜனவரி 17, வெள்ளி

காலை 7.10 போன். அம்சவேணியே பேசினாள். நான் சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது. அக்கா நேற்றுச் சாயங்காலமே கூப்பிட்டு ஒன்றரை மணி நேரம் பேசினாளாம். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். அது உங்களுக்கு எதற்கு என்றாள்.

பிறகு, "ஞாயித்துக்கிழமை வர்றேன். பத்து நாள் இருப்பேன். அப்பறம் பாக்கலாம்" என்றாள்.

"எந்த வண்டி?"

"வண்டி எதுன்னு தெரிஞ்சா நீங்க நிமிசத்தை எண்ணிக்கினு நிப்பீங்க. வர்றப்ப வர்றேன்."

ஜனவரி 18, சனி

வீடு கழுவினேன். சந்தைக்காரியிடம் மொச்சை வாங்கினேன். "வெந்துதா சார்?" என்று கேட்டாள். "நாளைக்குத் தெரியும்" என்றேன். மாலை 6.00, அரைப்படி ஊறப் போட்டேன்.

ஜனவரி 19, ஞாயிறு

11.25-க்கு ஆட்டோ வந்தது. கையில் ஒரே ஒரு சின்னப் பை. இளைத்திருக்கிறாள். பையை வாங்கப் போனேன், கொடுக்கவில்லை. உள்ளே வந்ததும் சமையலறைப் பக்கம் போகவில்லை. கூடத்தில் நாற்காலியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்தாள்.

"மொச்சை வேகுதா?" என்றாள்.

"அடுப்புல வெச்சு அஞ்சு நிமிசம்தான் ஆவுது."

"அவசரமில்ல."

12.30 ஆனது. எங்கள் வீட்டுக் கடிகாரம் சத்தமாக அடிக்கும். இருவரும் அதைக் கேட்டோம். 12.40-க்கு மொச்சை விரலில் நசுங்கியது. அதன் பிறகுதான் கத்தரிக்காய் போட்டேன். அது வெந்த பிறகு புளி. புளிக் கிண்ணத்தைக் கையில் எடுத்தபோது வாசற்படியில் நிழல் தெரிந்தது. அவள் எழுந்து வந்து நின்றிருந்தாள். நான் ஊற்றி முடிக்கும்வரை பார்த்துவிட்டுப் போய் மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

இலை போட்டேன். அவளுக்கு முதலில் பரிமாறினேன். சோறு, மேலே குழம்பு. டம்ளரில் தண்ணீர்.

அவள் சாப்பிடவில்லை. இலையிலிருந்து ஒரு மொச்சையைத் தேடி எடுத்தாள். கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் வைத்து, என்னை நேராகப் பார்த்தாள். டம்ளரில் சுண்டினாள்.

சத்தமே வரவில்லை. மொச்சை பிதுங்கி டம்ளரிலேயே ஒட்டிக்கொண்டது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே அழுகையும் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்களும் உக்காருங்க" என்றாள்.

சாப்பாடு 1.50. ஒரு மணி இருபது நிமிடம் தாமதம். காரணம்: மொச்சை வேகும்வரை காத்திருந்தோம்.